உப்பறியும் மரபணுவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு

சென்னையிலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் செயற்கை உயிரியல் பயிலும் மாணவர்களே, அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களே,

உங்கள் ஆய்வுக்கூடத்தில் என்வ்-இசட் என்ற மரபணு இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் அன்றாடம் வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் குரோமோசோமிலேயே அது உண்டு. பாக்டீரியாவின் உட்சவ்வில் பதிந்து நிற்கும் ஓர் ஏற்பிப் புரதத்துக்கான மரபணு அது. சுற்றியிருக்கும் நீர் கரிக்கிறதா, எவ்வளவு கரிக்கிறது என்று அந்த உயிருக்குத் தெரிவிப்பது அந்த ஏற்பியின் வேலை. இந்த மடல் வருவது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து. நீர் கரிக்கிறதா என்பதுதான் அங்கே ஒவ்வோர் ஊரிலும் முதல் கேள்வி. உங்கள் மரபணுவும் இந்த ஊர்களின் கேள்வியும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. அவற்றைச் சந்திக்க வைக்கக் கூடியவர்கள் நீங்கள்தான் என்பதால் உங்களிடமே நேராகச் சொல்லப்படுகிறது.

பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குத் 'தண்ணியில்லாக் காடு' என்று பெயர். அரசு ஊழியரைத் தண்டிக்க நினைத்தால் அங்கே மாற்றுவார்கள் என்பது தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் பேச்சு. 1985-ல் மாவட்டம் பிரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன. பேச்சு மட்டும் கூடவே வந்துவிட்டது. அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நீரே கிடைக்காத ஊர்கள் உண்டு. அதைவிட அதிகம், நீர் கிடைத்தும் வாயில் வைக்க முடியாத ஊர்கள். கிணறு வெட்டுகிறார்கள், போர் போடுகிறார்கள், ஊற்றும் வருகிறது, ஆனால் உப்பு. மழை குறைவு, வெயில் கடுமை, கரிசல் மண்ணில் வடிகால் மந்தம். நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது. குண்டாற்றில் வெள்ளம் ஓடும் நாட்கள் சொற்பம். குடிக்க நல்ல நீர் வேண்டுமென்றால் வைகையும் தாமிரபரணியும் குழாய் வழியே வர வேண்டும். குழாய் தவறினால் லாரி, லாரியும் தவறினால் கேன்.

இந்தப் பக்கத்துப் பெண்கள் நீரைப் பற்றிப் பேசும்போதே இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். நல்ல தண்ணி ஒரு குடத்தில், உப்புத் தண்ணி வேறு குடத்தில். பருப்பு வேகவில்லையென்றால் நீரில் சுண்ணமும் மக்னீசியமும் மிகுதி. சோப்பு நுரைக்கவில்லையென்றாலும் அதே கதைதான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தே எந்தத் தெருப் போர் எப்படி என்று சொல்லிவிடுவார்கள். நாக்கையும் அடுப்பையும் கொண்டு செய்யும் இந்த வேதியியல் துல்லியமானது. ஆனால் அதற்கு எட்டாதவையும் நீரில் உண்டு. ஃபுளோரைடு ருசிக்காது. நைட்ரேட்டும் ருசிக்காது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு வரம்பு மீறிய இடங்களைக் கொண்டவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறித்திருக்கும் தமிழக மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிறகு, பெரியவர்களின் மூட்டு மடங்க மறுத்த பிறகு தெரிந்துகொள்வது மிகவும் தாமதமான அறிவு.

உங்கள் மரபணு இங்கே எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பார்ப்போம்.

என்வ்-இசட் புரதம் ஜோடியாக நின்று வேலை செய்கிறது. ஒரு பகுதி சவ்வுக்கு வெளியே, ஒரு பகுதி சவ்வைத் துளைத்து, பெரும்பகுதி செல்லுக்குள். சுற்றுப்புறத்தில் உப்பு கூடிச் சவ்வூடு அழுத்தம் ஏறும்போது, செல்லுக்குள் இருக்கும் பகுதியில் 243-ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் தன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. அந்த பாஸ்பேட் அடுத்து ஓம்ப்-ஆர் என்ற கூட்டாளிப் புரதத்துக்குக் கைமாறுகிறது. பாஸ்பேட் பெற்ற ஓம்ப்-ஆர் டிஎன்ஏவில் போய் அமர்ந்து, பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எந்த வகைத் துளை இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. நீர் லேசாக இருந்தால் ஓம்ப்-எஃப் என்ற சற்றே அகலத் துளை. உப்பு ஏறினால் ஓம்ப்-சி என்ற சற்றே குறுகிய துளை. குடலுக்குள் உப்பும் பித்தமும் அதிகம், அங்கே குறுகிய வாசல் பாதுகாப்பு. வெளியே குட்டையிலும் கால்வாயிலும் உணவு அரிது, அங்கே அகல வாசல் லாபம். நுண்ணுயிரியின் இந்த ஒழுங்கைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது? அருப்புக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மதுரை. அங்கே காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறையில் எஸ். கிருஷ்ணசாமியின் குழு, டைபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி கிருமியின் வெளிச்சவ்வுத் துளைப் புரதங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. ஓம்ப்-சி, ஓம்ப்-எஃப் ஆகியவற்றைச் சுத்திகரித்து, படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அணு அணுவாகப் பார்த்தது. டைஃபி கிருமியின் ஓம்ப்-எஃப் படிக அமைப்பு பற்றிய அவர்களுடைய கட்டுரை 2012-ல் வெளியானது. என்வ்-இசட் திறந்து மூடும் வாசல்களின் வடிவத்தை உலகுக்குக் காட்டியவர்களில் மதுரைக்காரர்களும் உண்டு. அதே ஆய்வுலகம் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. ஈ. கோலையில் உப்புக்கேற்ப ஏறி இறங்கும் ஓம்ப்-சி, டைஃபி கிருமியில் உப்பைப் பொருட்படுத்தாமல் எப்போதும் மிகுதியாகவே இருக்கிறது. மரபணுக்கள் ஒரே பெயரில் இருந்தாலும், வாழுமிடம் மாறினால் நடத்தை மாறும். டைஃபியில் ஓம்ப்-ஆர் துளைகளோடு நிற்பதும் இல்லை. அந்தக் கிருமி போர்த்திக்கொள்ளும் விஐ உறையும் அதன் கட்டுப்பாட்டில் உண்டு. இன்று டைபாய்டுக்குப் போடப்படும் இணைப்புத் தடுப்பூசியின் மூலப்பொருள் அந்த உறைதான்.

இவ்வளவும் நடந்த ஊருக்குப் பக்கத்தில், அருப்புக்கோட்டைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு இதைத் தமிழில் சொல்ல ஒரு பக்கம் கிடைப்பது அரிது. உங்கள் துறைமீது இருக்கும் முதல் மனக்குறை இது.

இரண்டாவது குறை ஆழமானது. அதற்குச் செயற்கை உயிரியல் என்வ்-இசட்டை எப்படிப் பயன்படுத்தியது என்ற கதையைத் தொட வேண்டும். 1989-ல் மசயோரி இனோயேயின் குழு, டார் என்ற வேறோர் ஏற்பியின் வெளிப்பாதியை என்வ்-இசட்டின் உள்பாதியோடு இணைத்தது. நாட்டு மாங்கன்றின் அடிமரத்தில் நல்ல ரகத்தின் குருத்தை ஒட்டுக் கட்டுவதைப் போன்ற வேலை. டார் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தை உணரக்கூடியது. ஒட்டிய ஏற்பிக்கு டாஸ் என்று பெயர் வைத்தார்கள். அஸ்பார்டேட் சேர்த்தால் ஓம்ப்-சி வாசல் கிளம்பியது. வெளியே எதை உணர வேண்டுமோ அதை ஒட்டலாம், உள்ளே வேலை செய்யும் இயந்திரம் என்வ்-இசட்டாக இருக்கட்டும் என்ற வழி அன்று திறந்தது.

அந்த வழியில் புகழ்பெற்றது 2005-ஆம் ஆண்டின் பாக்டீரியா நிழற்படம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் மாணவர்களும் சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்டபர் வாய்ட்டின் குழுவும் சேர்ந்து, சினெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து ஒளியுணரும் புரதத்தின் பாதியை எடுத்து என்வ்-இசட்டின் பாதியோடு ஒட்டினார்கள். சிவப்பொளி பட்ட இடத்தில் மரபணு அணைந்தது. இருட்டில் இருந்த பாக்டீரியா கறுப்பு நிறமியை உண்டாக்கியது. தட்டு முழுக்க வளர்ந்த ஈ. கோலை, தன்மீது வீசப்பட்ட உருவத்தை அப்படியே வரைந்தது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தப் படங்களை உங்கள் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். மாணவர் போட்டியில் பிறந்த வேலை அது.

அதில் ஒரு விவரம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அந்த பாக்டீரியாவுக்குப் பார்வை கொடுப்பதற்காக அதனுடைய இயல்பான என்வ்-இசட்டை நீக்க வேண்டியிருந்தது. உப்பறிவு குறுக்கே வரக்கூடாது என்பதால் அதை எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் ஒளியறிவை வைத்தார்கள். அவர்களுடைய நோக்கத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் அதன்பின் இந்தத் துறை முழுவதும் என்வ்-இசட்டின் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, உப்பை உணரும் அதன் சொந்தத் தொழிலை இடைஞ்சலாகவே கருதிப் பழகிவிட்டது. பாஸ்டனிலும் ஹூஸ்டனிலும் குழாயைத் திருப்பினால் நல்ல நீர் வருகிறது. அங்கே உட்கார்ந்து யோசிப்பவருக்கு உப்பு இடைஞ்சல்தான். திருச்சுழியில் உட்கார்ந்து யோசித்தால் உப்புதான் விஷயம். நீங்கள் எங்கே உட்கார்ந்து யோசிக்கிறீர்கள்?

இன்னொரு கண்டுபிடிப்பு இந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. உப்பை உணர்வது ஏற்பியின் வெளிப்பாதி என்று பலகாலம் எண்ணியிருந்தார்கள். 2012-ல் லிண்டா கென்னி, கணேஷ் ஆனந்த் ஆகியோரின் குழுக்கள் வேறு படத்தைக் காட்டின. செல்லுக்குள் இருக்கும் பகுதியே, ஹிஸ்டிடினைச் சுற்றியுள்ள சுருள் இறுகித் தளர்வதன் மூலம், அழுத்தத்தை உணர்கிறது. சவ்வே இல்லாமல் அந்த உள்பகுதியை மட்டும் எடுத்து வைத்தாலும் அது உணர்கிறது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். டாஸ் ஆகட்டும், நிழற்பட பாக்டீரியா ஆகட்டும், ஒட்டுக் கட்டியவர்கள் வெட்டிப் போட்டது வெளிப்பாதியை. உப்பறியும் பகுதியோ அவர்கள் வைத்துக்கொண்ட உள்பாதியில் இருக்கிறது. அப்படியானால் என்வ்-இசட்டை அடிமரமாகக் கொண்டு நீங்கள் கட்டும் எந்த உணரியும், எங்கள் போர்த் தண்ணீரில் வைக்கப்படும்போது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுமா? கூடவே உப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்லுமா? இதைச் சோதிக்கச் சிறந்த இடம் உப்பு நீர் உள்ள இடம்தான்.

அடுத்து அளவு. உங்கள் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கத் தினமும் கலக்கும் எல்.பி. ஊடகத்தின் கணக்கை எடுங்கள். மில்லர் செய்முறையில் லிட்டருக்கு 10 கிராம் சாதா உப்பு. லெனாக்ஸ் செய்முறையில் 5 கிராம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 10500-இன்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது நாக்கில் வைத்தால் முகம் சுளிக்க வைக்கும் 2 கிராம் உப்பு நீரைவிட ஐந்து மடங்கு உப்பில், மில்லர் ஊடகமானால், உங்கள் ஈ. கோலை பிறந்து வளர்கிறது. குடலில் வாழப் பழகிய உயிருக்கு எங்கள் கிணற்று நீர், பெரும்பாலான ஊர்களில், 'லேசான நீர்' என்றே படும். மனிதன் குடிக்கலாமா கூடாதா என்ற எல்லைக்கோடு ஓரிடத்தில் இருக்க, என்வ்-இசட் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் எல்லைக்கோடு அதற்கு வெகுதூரம் மேலே இருக்கிறது. கிணற்று நீரை எடுத்து எல்.பி.யில் ஊற்றிப் பார்த்தீர்களானால், ஊடகத்தின் உப்பில் கிணற்றின் உப்பு மறைந்துபோகும். உங்கள் உணரி 'ஒன்றும் இல்லை' என்று சொல்லும். அந்த 'ஒன்றும் இல்லை' திருச்சுழிக்காரருக்குப் பொய்யான ஆறுதலாகிவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. என்வ்-இசட்டுக்கு இரண்டு கைகள். ஒன்று பாஸ்பேட்டை ஏற்றும், மற்றது ஏற்றியதைக் கழற்றும். கழற்றும் கையின் வேகத்தை மாற்றினால் ஏற்பி எந்த அளவில் விழித்துக்கொள்கிறது என்பதும் மாறும். ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டேபரின் குழு 2018-ல் இதே வகை ஏற்பிகளில், குறிப்பாக நைட்ரேட்டை உணரும் ஏற்பிகளில், பாஸ்பேட் கழற்றும் திறனைத் திருத்தி, உணரும் எல்லையை விரும்பிய அளவுக்கு நகர்த்த முடியும் என்று காட்டியது. நிழற்பட பாக்டீரியாவைக் கட்டியவர்களில் ஒருவர்தான் இந்த டேபர். குடலுக்காக இயற்கை வைத்த கோட்டைக் கிணற்றடிக்காக நகர்த்துவது ஓர் இளங்கலை அணி ஓராண்டில் தொடங்கக்கூடிய வேலை. ஆனால் எந்த இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்று யாராவது கேட்டால்தானே நகர்த்துவீர்கள்? அந்தக் கேள்வியைத்தான் இந்த மடல் கேட்கிறது.

உங்களில் கூர்மையான ஒருவர் உடனே மறுப்பார். உப்பைப் பார்க்க மரபணு எதற்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை நீரில் முக்கினால் எண் வந்துவிடுமே என்பார். சரியான மறுப்பு. வெறும் உப்பளவுக்கு மீட்டரே போதும், மரபணுவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். மீட்டரால் முடியாததற்குத்தான் நீங்கள் வேண்டும். மீட்டருக்கு எல்லா உப்பும் ஒன்றே. சோடியமா, மக்னீசியமா, நைட்ரேட்டா, ஃபுளோரைடா என்று அது பிரித்துச் சொல்லாது. ஏற்பிகளின் உலகத்தில் பிரிவினை உண்டு. பாக்டீரியாவின் உட்சவ்வில் நார்-எக்ஸ் என்ற ஏற்பி நைட்ரேட்டைத் தேடுகிறது. ஃபோ-க்யூ என்ற ஏற்பி மக்னீசியம் குறைந்தால் விழித்து, மிகுந்தால் உறங்குகிறது. 1996-ல் சால்மோனெல்லாவில் இதைக் கண்டார்கள். பருப்பு வேகாத நீர் எது என்பதற்கு ஃபோ-க்யூவிடம் ஒரு பதில் இருக்கக்கூடும். என்வ்-இசட் மொத்த உப்பின் சுமையைச் சொல்ல, மற்றவை தனித்தனியே சொல்ல, ஒரே துளி நீரிலிருந்து பல பதில்கள் கிடைக்கும் ஒரு தொகுப்பைக் கற்பனை செய்யுங்கள். ஒன்றன் பதிலை மற்றதன் பதிலால் திருத்திக்கொள்ளவும் முடியும்.

இத்தகைய வேலைக்கு முன்னோடிகள் உண்டு. 2006-ல் எடின்பரோ மாணவர் அணி, வங்காளத்துக் குழாய்க் கிணறுகளின் ஆர்சனிக்கை நினைத்து, அமில காரத் தன்மை மாற்றத்தால் பதில் சொல்லும் பாக்டீரியாவைக் கட்டியது. அவர்கள் பயன்படுத்தியது சவ்வு ஏற்பி அல்ல, செல்லுக்குள் இருக்கும் வேறொரு புரதம். ஆனால் கேள்வியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது முக்கியம். தாங்கள் ஒருபோதும் குடிக்காத கிணற்றிலிருந்து எடுத்தார்கள். ஃபுளோரைடுக்கு ஏற்பிப் புரதம் வேண்டாம், அதை நேரடியாக உணரும் ஆர்என்ஏ துண்டு பாக்டீரியாவிலேயே உண்டு. ஜூலியஸ் லக்ஸின் குழு அதை உயிரற்ற உலர்ந்த கலவையாக்கி, கோஸ்டா ரிகாவின் எரிமலைப் பகுதி நீரில் 2020 வாக்கில் சோதித்தது. கோஸ்டா ரிகாவுக்கு எடுத்துப்போக முடிந்ததைக் காரியாபட்டிக்கு எடுத்துவர முடியாதா?

தமிழ்நாட்டிலும் ஆற்றல் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடி மாணவர் அணி 2008-லேயே பாக்டீரியாவின் நெருக்கடி நிலைகளுக்கேற்பத் திறக்கும் மரபணு வாசல்களின் தொகுப்பை 'ஸ்ட்ரெஸ்கிட்' என்ற பெயரில் ஐஜெம் என்ற பன்னாட்டுச் செயற்கை உயிரியல் மாணவர் போட்டிக்குக் கொண்டுபோனது. தஞ்சாவூர் சாஸ்த்ரா, சென்னையை அடுத்த வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி அணிகளும் பின்னர் போயிருக்கின்றன. பெங்களூரில் 2009-ல் சிருஷ்டி கலைப் பள்ளி மாணவர்கள், உயிரியலே படிக்காதவர்கள், மழைக்குப் பிறகான மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை ஈ. கோலையில் உண்டாக்க முயன்றார்கள். கலை மாணவர்களுக்கு மண்ணின் வாசனை நினைவுக்கு வந்தது. நுண்ணுயிரியல் படிக்கும் உங்களுக்கு மண்ணுக்குள் இருக்கும் நீர் நினைவுக்கு வர வேண்டும்.

முன்பு பாஸ்டனுக்கும் இப்போது பாரிசுக்கும் போகிற அந்தப் போட்டிக்குப் பதிவுக் கட்டணம், பயணம், வேதிப்பொருள் என்று லட்சக்கணக்கில் செலவாகிறது. அதில் மக்களின் வரிப்பணமும் பெற்றோரின் உழைப்பும் கலந்திருக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு மதுரை வரை ரயிலுக்கும் அங்கிருந்து அருப்புக்கோட்டைப் பேருந்துக்கும் செலவாகட்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. போட்டியின் விதிகளே மனித நடைமுறை என்ற பெயரில், உங்கள் ஆய்வு யாரைத் தொடுகிறதோ அவர்களிடம் போய்ப் பேசச் சொல்கின்றன. பல அணிகள் அந்தப் பகுதியை ஒரு கேள்வித்தாளை நிரப்பி முடித்துவிடுகின்றன. இங்கே வந்து குழாயடியில் அரை மணி நேரம் நின்றால், கேள்வித்தாளில் எழுத உங்களுக்குத் தோன்றாத கேள்விகள் கிடைக்கும்.

வரும்போது சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். இது பருத்தி விளையும் கரிசல் பூமி. 2002-ல் மரபணு மாற்றிய பிடி பருத்தி வந்ததையும் அதற்குப் பிறகான ஏற்ற இறக்கங்களையும் பார்த்த விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள். 2010-ல் பிடி கத்தரிக்காய் நிறுத்தி வைக்கப்பட்டதும் அவர்களுக்குத் தெரியும். மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் கேட்கும் கேள்விகள் அனுபவத்திலிருந்து வருபவை. அவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 1989-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் தொடங்கி மேலே செல்லும் அனுமதி வரிசை உண்டு. உயிருள்ள மாற்றுப் பாக்டீரியாவைக் கிணற்றடிக்குக் கொண்டுவராதீர்கள். நீரை நீங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பின்னால் களத்துக்கு வர வேண்டுமென்றால், உயிரற்ற காகிதச் சோதனையாக வாருங்கள். மரபணுச் சுற்றை உலர்த்திக் காகிதத்தில் பதிக்க முடியும் என்று 2014-லேயே கீத் பார்டியும் ஜேம்ஸ் காலின்சும் காட்டினார்கள். சவ்வு ஏற்பியைச் சவ்வில்லாக் கலவையில் வேலை செய்ய வைப்பது கடினம் என்று நீங்கள் சொல்வீர்கள். என்வ்-இசட்டின் உள்பகுதி சவ்வில்லாமலே உணர்கிறது என்பதை மேலே பார்த்தோம். அந்த வாசல் வழியே நுழைந்து பாருங்கள். அது வெற்றி பெறுமா என்பது செய்தால்தான் தெரியும்.

நீரை ஒருமுறை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். பங்குனி, சித்திரையில் எடுத்த கிணற்று நீரும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்த நீரும் ஒன்றல்ல. இரண்டையும் பார்க்காமல் எழுதப்படும் முடிவு அரைகுறை. கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிரையும் இந்த மண்ணையும் அறிந்தவர்கள் அங்கே உண்டு. வறட்சியில் வாடும் பயிருக்கு இலைவழியே தெளிக்க வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பிபிஎஃப்எம் என்பதே ஒரு பாக்டீரியாக் கரைசல்தான். எனவே நுண்ணுயிர் என்றாலே முகம் சுளிக்கிற ஊர் இது என்று நினைத்துவிடாதீர்கள். அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவ பானு சத்திரிய கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர்களை நீர் சேகரிக்கும் ஆட்களாக மட்டும் பயன்படுத்தாமல் அணியில் சேருங்கள். எந்தக் கிணறு எந்த ஆண்டு உப்பானது, எந்த ஊருணி தூர்ந்த பிறகு எந்தப் போர் கெட்டது என்பது அவர்களுடைய வீட்டில் பேசப்படும் செய்தி. கட்டுரையில் அவர்கள் பெயரும் வரட்டும்.

கடைசியாக ஒன்று கேட்கப்படுகிறது. முடிவு எதுவாக இருந்தாலும் அதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். உணரி வேலை செய்யவில்லையென்றால், ஏன் வேலை செய்யவில்லை என்று எழுதுங்கள். உப்பு குறுக்கிட்டதா, மக்னீசியம் குறுக்கிட்டதா, எல்லைக்கோட்டை நகர்த்த முடியவில்லையா என்பதை எண்களோடு எழுதுங்கள். நீர் கொடுத்த வீட்டுக்கு அந்த நீரின் ஃபுளோரைடு அளவையும் நைட்ரேட் அளவையும், வழக்கமான வேதிச் சோதனையில் கண்டதையே, ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் மரபணு ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தத் தாள் அவர்களுக்குச் சேர வேண்டியது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தால், அதை ஊராட்சிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை முடிவு செய்ய நீங்கள் கூடும் நாள் வரும். அன்று வெண்பலகையில் எழுதப்படும் யோசனைகளில் ஒன்றாவது அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிக் கிணறுகளைப் பற்றியதாக இருக்கட்டும். முடிவெடுக்கும் முன்பாக, வரும் பங்குனியில், சுத்தமான புட்டிகளோடும் ஒரு டிடிஎஸ் மீட்டரோடும் இந்தப் பக்கம் வாருங்கள்.